சேறு பூசிய பஞ்சகல்யாணி

ஏரிச்சேறு காயும்போது எழுகிற வாடை, அழுகிய பாசியும் உப்பும் கலந்த அந்த வாடை, மூக்கில் பட்டால் இந்த வயதிலும் என் கண் தானாகவே எதையாவது எண்ணத் தொடங்கிவிடுகிறது.

பழவேற்காட்டுக் கோட்டை டச்சுக்காரர் கையில் இருந்த காலம் அது. கோட்டைக்குப்பத்து மீனைத் திருப்பாலைவனத்துக்குச் சுமந்தவை குதிரைகள்தாம் என்றாலும், வெறுமனே குதிரை என்று சொன்னால் எங்கள் ஆட்கள் சிரிப்பார்கள். குள்ளமான பொதிக்குதிரை "தட்டு". செம்பழுப்பு நிறத்தது "கும்மேத்து". நான்கு கால்களும் முகமும் வெளுத்திருந்தால் "பஞ்சகல்யாணி". அது நிற்கிற வீட்டில் சோற்றுக்குக் குறைவிராது என்பார்கள். எங்கள் பெட்டைக்குதிரை ஒரு பஞ்சகல்யாணி.

கோட்டை வண்டிகளுக்குக் குதிரை பிடிக்கிறார்கள் என்று ஒரு காலையில் செய்தி வந்தது. எங்கள் பஞ்சகல்யாணி போனால் வெயிலேறுமுன் மீன் ஊர் போய்ச் சேராது, எங்கள் அடுப்பும் எரியாது. அந்த வெள்ளை அடையாளத்துக்காகவே கோட்டைத் துரை அவளைக் கொண்டுபோவார் என்று நம்பிய என் அப்பா, நைனா, ஏரிக்கரையில் அவளை நிறுத்திக் கருஞ்சேற்றை அப்பினார். நானும் அப்பினேன். நான்கு கால், ஒரு முகம். உதிர்ந்துவிடுமோ என்று பயந்து திரும்பத் திரும்ப ஐந்தையும் எண்ணிக்கொண்டிருந்தேன்.

"தொரைக்குப் பஞ்சகல்யாணி இன்னா தெரியும், பழங்கஞ்சி இன்னா தெரியும்? நீ போய் சேறு பூசினுகீறயே" என்றாள் அம்மா.

துரை வந்தார். காலையும் பார்க்கவில்லை, முகத்தையும் பார்க்கவில்லை. வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார், முதுகை அழுத்திப் பார்த்தார், கயிற்றைத் தம் ஆளிடம் கொடுத்துவிட்டு முன்னே நடந்தார். எங்களுக்கு மட்டுமே கண்ணில் படுகிற ஒன்றைத்தான் நாங்கள் அவ்வளவு பாடுபட்டு மறைத்திருந்தோம்.

நைனா கெஞ்சவில்லை. கரையோரமாகப் பின்னாலேயே ஓடிக் கயிறு பிடித்தவனிடம், "கால கழுவி உடுப்பா, சேறு காஞ்சா குளம்பாண்ட வெடிச்சிரும்" என்றார்.

"பூசனவன் நீதான, நீயே கழுவு" என்று அவன் சிரித்தான்.

நைனா குனிந்து இரு கைகளாலும் தண்ணீரை அள்ளி அள்ளி ஊற்றினார். ஒவ்வொரு காலாக வெளுத்தது, நான்கையும் எண்ணினேன். முகத்தைக் கழுவுமுன் அவன் பொறுமையிழந்து இழுத்துக்கொண்டு போய்விட்டான்.

இப்போது கோட்டை வெறும் செங்கல் மேடு. தட்டு, கும்மேத்து என்றால் பேரப்பிள்ளைகள் என் வாயைப் பார்க்கிறார்கள். அவர்களுக்கு எல்லாமே குதிரைதான். எங்கே ஒன்று எதிர்ப்பட்டாலும் நான் அதன் கால்களை எண்ணிக்கொண்டு வந்து நான்கில் நின்றுவிடுகிறேன். அந்த முகத்துச் சேற்றை யாராவது கழுவினார்களா என்ற கவலை இன்னும் விடவில்லை.