அமைதியாக ஏற்றுக்கொண்ட தாய்

எங்கள் தாதியர் பயிற்சியில் பிறர் மனதைப் புரிந்துகொள்வதற்கென்றே ஒரு பாடம் இருந்தது. கெட்ட செய்தி சொல்லும்போது பக்கத்தில் உட்கார வேண்டும், கண்ணைப் பார்க்க வேண்டும், குரலைத் தாழ்த்த வேண்டும். ஒருத்தி தாயாக நடிப்பாள், இன்னொருத்தி தாதியாக நடிப்பாள். எல்லாம் சிங்களத்தில்தான். நானும் சிங்களத்தில் உருகி உருகி நடித்து நல்ல மார்க் வாங்கியிருக்கிறேன். அழுகிற தாய்க்கு என்ன மொழி தெரியும் என்று அந்த வகுப்பில் யாரும் கேட்டதில்லை.

இரண்டாம் வருடத்தில் ஒருநாள் டியூட்டர் மிஸ் எங்களைப் பிரசவ வாட்டுக்குக் கூட்டிப்போனார். கெட்ட செய்தி சொல்வதை நிஜமாகவே பார்க்க நல்ல வாய்ப்பு என்றார். வாய்ப்பாம்! கஹவத்தைப் பக்கத்து ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பெண் ஒருத்தியின் பிள்ளை, குறைமாதத்தில் பிறந்து தனி அறையில் இருந்தது, அன்று காலை இறந்துவிட்டது. அவளுக்கு இன்னும் தெரியாது. மாணவிகள் வாய் திறக்கக் கூடாது என்பது கட்டளை.

டொக்டர் கெட்டவர் இல்லை, அதையும் சொல்லியாக வேண்டும். கட்டிலருகே உட்கார்ந்தார், கண்ணைப் பார்த்தார், மெல்லிய குரலில், நல்ல சிங்களத்தில், சுற்றி வளைத்துச் சொன்னார். அவளுக்கோ பஸ்ஸிலும் கடையிலும் சமாளிக்கிற அளவுச் சிங்களம்தான். விளங்கியதா என்று டொக்டர் கேட்டார். அவள் லேசாகச் சிரித்து, "ஹரி மஹத்தயா", சரி ஐயா என்று தலையாட்டினாள்.

அந்தத் தலையாட்டல் எனக்கு நன்றாகத் தெரியும். ஓப்பநாயக்கப் பக்கத்துத் தோட்டத்தில், லயத்து வீட்டில் பிறந்தவள் நான். தோட்டத் துரை பேசினாலும் கிளாக்கர் பேசினாலும் எங்கள் ஆட்கள் இப்படித்தான் சரி என்பார்கள். விளங்கவில்லை என்றால் ஏச்சு விழும் என்ற பயம் அது.

வெளியே நடையில் டியூட்டர் மிஸ் பூரித்துப்போய் நின்றார். "பார்த்தீர்களா, முறையாகச் சொன்னால் எவ்வளவு அமைதியாக ஏற்றுக்கொள்கிறார்கள்!" என்றார் சிங்களத்தில். அவளுக்கு விளங்கவில்லை மிஸ் என்று சொல்ல வாயெடுத்தேன். கையைக் காட்டி அடக்கிவிட்டு முன்னால் நடந்தார்.

அந்த நேரம் பார்த்து அவளே கையில் ஒரு சின்னக் கப்போடு வந்தாள். வாட்டில் தமிழ் பேசுகிற ஒரே ஆள் நான்தான் என்று முன்பே தெரிந்ததால் நேராக என்னிடம்தான் வந்தாள்.

"மிஸ்ஸி, பால் பீச்சிக் கொண்டாந்திருக்கேன். டொக்டரய்யா அவ்வளவு தன்மையா பேசிட்டுப் போனாருங்க. புள்ளைக்கு இப்ப நல்லாருக்குதானே? நானே போய்க் குடுக்கவா?"

கட்டளையாவது மண்ணாங்கட்டியாவது. அவளைப் பெஞ்சில் உட்கார வைத்து, தோளைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, புள்ள காலையிலேயே எறந்துபோச்சுக்கா" என்றேன். அவள் மார்பில் அடித்துக்கொண்டு கத்தினாள். வாட்டே திரும்பிப் பார்த்தது.

டியூட்டர் மிஸ் திரும்பி ஓடிவந்தார். "அமைதியாக இருந்தவளிடம் என்ன சொன்னாய்? உணர்ச்சியை அடக்கத் தெரியாத நீ எப்படித் தாதியாவாய்?" என்று எல்லார் முன்னாலும் ஏசினார். அவர்மேல் வந்த கோபம் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

அவர் போன பிறகு அந்தப் பெண் என் கையை இறுகப் பிடித்தாள். கத்தல் நின்றிருந்தது.

"ஏன் மிஸ்ஸி, அப்ப அந்த டொக்டரய்யா இதைத்தான் சொன்னாரா? நான் சிரிச்சிக்கிட்டே சரின்னு தலையாட்டினேனே, மிஸ்ஸி!"