சோபனாவின் கிராபிக்ஸ் கார்டு

இண்டூரில் சோபனாவுக்கு இரண்டு பெயர். பட்டுப்புழு வளர்க்கிற சோபனா என்பது ஒன்று, துப்பாக்கி சுடுகிற சோபனா என்பது இன்னொன்று. பயப்பட வேண்டாம், சுடுவதெல்லாம் கம்ப்யூட்டர் கேமில்தான். காலையில் மல்பெரி இலை பறித்துப் புழுக்களுக்குப் போட்டுவிட்டு, வேலை ஓய்ந்த நேரத்தில் கேம் முன்னால் உட்கார்ந்துவிடுவாள். புழு வளர்க்கிற மனைக்குள் பவுடர், ஊதுபத்தி என்று எந்த வாசனையும் வரக்கூடாது. வந்தால் புழு இலையைத் தொடாது. பவுடர் அடித்துக்கொண்டு வந்த சொந்தப் புருஷன் பூபதியையே வாசலோடு துரத்தியவள் அவள். அவ்வளவு கறார்.

மாமியார் ராஜாமணிக்கு அந்தக் கேம் ஆகவே ஆகாது. பொம்பளைக்கு எதுக்குத் துப்பாக்கி என்று தினமும் ஒரு முறை முணுமுணுக்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. சோபனா அதை ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிடுவாள்.

சேலத்து ஜெயபிரியா நடத்துகிற பெண்கள் அணியில் சோபனாவும் ஒருத்தி. போன போட்டியில் கடைசிச் சண்டையின்போது அவள் திரை அப்படியே நின்றுபோனது; அணி தோற்றது. குற்றம், திரைக்குப் படம் அனுப்புகிற பழைய கிராபிக்ஸ் கார்டினுடையது. சனிக்கிழமை சாயங்காலம் அடுத்த போட்டி. அதற்காகப் பட்டுக்கூடு விற்ற கையோடு புது கார்டுக்கு ஆர்டர் போட்டிருந்தாள். வெள்ளிக்கிழமை பார்சல் வந்தது. பிரித்துப் பார்த்து ஆசை தீரத் தடவிவிட்டு, புதுப் பொருள் எது வந்தாலும் அந்த வீட்டில் செய்வதுபோல ஓர் இரவு சாமி அலமாரியில் வைத்தாள்.

மறுநாள் மதியம் வேலையில் இறங்கினாள். மெக்கானிக்கைக் கூப்பிடச் சொன்ன பூபதியை, புழுவுக்கு நான் யாரைக் கூப்பிடுகிறேன் என்று கேட்டு வாயடைத்தாள். கரண்டைப் பிடுங்கி, கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கக் கதவைக் கழற்றி, இரும்புச் சட்டத்தை ஒரு தடவை தொட்டுக்கொண்டாள். உடம்பில் இருக்கிற மின்சாரம் கார்டில் இறங்கிவிடக்கூடாதல்லவா. பழையதை உருவினாள். புதியதை அது இருந்த துளையில் நேராகப் பிடித்து அழுத்தினாள். டக்கென்று உட்கார்ந்தது. திருகை முடுக்கி, பவர் ஒயரைச் செருகி, சுவிட்சைப் போட்டாள்.

கார்டின் விசிறிகள் அழகாகச் சுற்றின. திரை மட்டும் கருகும்மென்று கிடந்தது.

ஒயர்களைச் சரிபார்த்தாள். கார்டைக் கழற்றி மறுபடி மாட்டினாள். பழைய கார்டைப் போட்டால் படம் வருகிறது, புதியதைப் போட்டால் வரவில்லை. கார்டு செத்துப்போய்த்தான் வந்திருக்கிறது, திருப்பி அனுப்பு என்றான் பூபதி. அனுப்பினால் மாற்றுக் கார்டு வர ஒரு வாரமாகும். ஜெயபிரியாவுக்குப் போன் போட்டாள்.

"பழைய கார்டோட வேண்டாங்க அக்கா. உங்களுக்குப் பதிலா மாத்து ஆளு தெரசாவ எறக்கிக்கறேன். இனிமேலும் அவளே ஆடட்டும்" என்றாள் ஜெயபிரியா.

"அஞ்சு மணி வரைக்கும் பொறு. நான் வர்றேன்."

எந்தத் தைரியத்தில் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. ஆனால் சொல்லிவிட்டாள். கார்டை முகத்தருகே கொண்டுபோய் அங்குலம் அங்குலமாகப் பார்த்தாள். புழு மனையில் பழகிய மூக்கு சும்மா இருக்குமா? சந்தன வாசனை.

வெளிச்சத்துக்குக் கொண்டு ஓடினாள். துளைக்குள் இறங்குகிற தங்க நிறப் பற்களின்மேல் மஞ்சளாகக் காய்ந்த சந்தனம். தங்கத்தின்மேல் மஞ்சள், உள்ளே டியூப்லைட்டில் எப்படித் தெரியும்?

"அத்தை, இதுல பொட்டு வெச்சீங்களா?"

ராஜாமணியின் முகம் சுண்டிப்போயிற்று. "போன தடவ தோத்துட்டு ராத்திரி சோறு திங்காம படுத்தியே... இந்தத் தடவையாச்சும் ஜெயிக்கட்டும்னு வெச்சேன். அங்கதான் தங்கமா மின்னுச்சு. குங்குமம் கறையாவும்னு வெறும் சந்தனந்தான் வெச்சேன். கெட்டுப்போச்சா?"

தினமும் திட்டுகிற மனுஷி, சோறு தின்னாததைக் கவனித்திருக்கிறார்.

"ஒண்ணும் ஆவலீங்க அத்தை. பல்லுக்குப் போய் யாராச்சும் பொட்டு வெப்பாங்களா?" என்று சிரித்தாள்.

ஸ்பிரிட்டில் பஞ்சைத் தோய்த்துப் பற்களைத் துடைத்துக் காயவிட்டாள். துளைக்குள் உதிர்ந்திருந்த தூளைப் பிரஷ்ஷால் தட்டி எடுத்தாள். மாட்டி, சுவிட்சைப் போட்டாள். படம் வந்தது. பழைய கார்டை இயக்கிய டிரைவர் மென்பொருளை நீக்கிப் புதியதை ஏற்றி முடித்தபோது போட்டிக்குக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. சந்தனக் கிண்ணத்தைத் தானே எடுத்துவந்து மாமியாரிடம் நீட்டினாள். பெட்டியின் வெளிக்கதவைக் காட்டி, இங்கே வையுங்கள் என்றாள்.

போட்டி தொடங்கியது. புல்லின் ஒவ்வொரு தாளும் தனித்தனியாகத் தெரிந்தது. நாற்காலிக்குப் பின்னால் ஆள் நிற்பது தெரிந்து, ஹெட்போனை ஒரு காதிலிருந்து நகர்த்திக்கொண்டாள்.

"இதுல நம்மாளு யாரு?" என்று கேட்டார் ராஜாமணி.

"பச்சத் தொப்பி."

ராஜாமணி திரைப் பக்கம் குனிந்தார். பிறகு சோபனாவின் தோளில் ஒரு கை அழுந்தியது.

"அந்தச் செவத்துக்குப் பின்னால ஒருத்தன் குந்தியிருக்கறான் பாரு. சுடு."

சுட்டாள். எதிரணியின் கடைசி ஆள் அவன்தான்; அணி ஜெயித்தது. ஹெட்போனில் ஜெயபிரியா, அவனை எப்படிக்கா பார்த்தீர்கள் என்று கேட்டாள்.

"நான் பாக்கல. எங்க அத்தை பாத்தாங்க" என்றாள் சோபனா.