தோற்பதற்காகக் கட்டிய பந்தயம்

ஈரக்காற்றும் பஞ்சு வாசனையும்... ராஜபாளையத்தில் நான் வேலை பார்த்த நூல் மில்லின் டெஸ்டிங் லேப் என்றால் முதலில் அதுதான் நினைவுக்கு வரும். நூல் அறாமல் இருக்க நாள் முழுக்க ஈரம் ஏற்றி வைத்திருப்பார்கள். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் அம்மா என் தலையிலிருந்து பஞ்சைப் பொறுக்கி எடுப்பாள்.

காலேஜ் முடித்ததும் கிடைத்த முதல் வேலை. லேபில் மூன்றே பேர். நாற்பது வயது முருகேசன் அண்ணன், என் வயதுக்காரி ஜெசிந்தா, நான்.

அந்த வருடம் ஃபுட்பால் உலகக் கோப்பை. பழைய டெஸ்ட் ரிப்போர்ட்டின் பின்பக்கத்தில் கோடு போட்டு பீரோவில் ஒட்டி, யார் ஜெயிப்பார்கள் என்று ஆளுக்கு ஒரு பெயர் எழுதுவோம். பந்தயத்துக்குக் காசு கிடையாது. தோற்றவர், ஜெயித்தவருடைய ஞாயிற்றுக்கிழமை டியூட்டியைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

இதில் ஜெசிந்தாவை ஜெயிக்க ஆளே கிடையாது!

அவள் வீட்டில் டிவிகூட ஓடாது. வன்னியம்பட்டியிலிருந்து பஸ்ஸில் வரும்போது பேப்பரின் கடைசிப் பக்கத்தைப் படிப்பாள். ஸ்டார் பிளேயர் பெயரெல்லாம் அவளுக்குத் தெரியாது. எந்த அணி எந்த நிமிடத்தில் கோல் வாங்கியது என்று மட்டும் பார்ப்பாள்.

"நூலை இழுத்துப் பாக்கோம்லா... மெலிசா இருக்க எடத்துலதான் அறும். ஆவரேஜ் நல்லாருந்து என்னத்துக்கு?" என்பாள். அதையே மேட்ச்சுக்கும் வைத்திருந்தாள். நான் பி.எஸ்சி. பிசிக்ஸ். எனக்கு இது தோன்றவே இல்லை.

மேட்ச்கள் நடந்துகொண்டிருந்த ஒரு வாரத்தில்தான் என்னைப் பெண் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்திலிருந்து வருவதாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை. கல்யாணத்துக்குப் பிறகு வேலைக்குப் போகக் கூடாது என்று தரகரிடம் முன்கூட்டியே சொல்லி அனுப்பியிருந்தார்கள். அப்பா சரி என்று தலையாட்டிவிட்டார். எதிர்த்துப் பேச எனக்கு வாய் வரவில்லை.

டியூட்டி இருந்தால் தப்பிக்கலாம். ஆனால் நானாகக் கேட்டு வாங்க முடியாது. அப்பாவுக்கும் அதே மில்லில்தான் வேலை, பேக்கிங்கில். முருகேசன் அண்ணனும் அவரும் ஒன்றாக டீ குடிப்பவர்கள். பந்தயத்தில் தோற்றால் மட்டும் அப்பா ஒன்றும் சொல்ல மாட்டார். சொன்ன சொல் முக்கியம் அவருக்கு.

அந்த ஞாயிறு முருகேசன் அண்ணனின் டியூட்டி. நான் அவரிடம் தோற்க வேண்டும்.

புதன்கிழமை ஜெர்மனிக்கும் தென் கொரியாவுக்கும் மேட்ச். ஜெர்மனி முந்தின கோப்பையை ஜெயித்த அணி. கொரியா ஆடிய இரண்டிலும் தோற்றிருந்தது.

ஜெசிந்தாவிடம் மெதுவாகக் கேட்டேன். "உறுதியா யாரு தோப்பா?"

"ஜெர்மனி."

"வெளாடாதட்டி."

"போன மேட்ச்ல கடைசி நிமிசத்துலதான் பொழச்சானுவ. இன்னைக்கி அறுந்துரும், பாரு."

முதல்முறையாக அவளை நம்பவில்லை. சார்ட்டில் என் பெயருக்கு நேரே கொரியா என்று எழுதினேன்.

ஜெர்மனி என்று எழுதியிருந்த முருகேசன் அண்ணனுக்குத் தாங்கமுடியாத சந்தோஷம். "ஏட்டி, நெசமாத்தான் எழுதுதியா? பொறவு அழக் கூடாது! ஞாயித்துக்கெழமை நான் மாமியா வீட்டுக்குக் கறிச்சோறு திங்கப் போயிருவேன்."

ஜெசிந்தா என் முகத்தையே பார்த்தாள்.

ராத்திரி அம்மாவின் சீரியலுக்கு நடுவே ஃபோனில் ஸ்கோர் பார்த்துக்கொண்டே இருந்தேன். டிரா ஆனால் சின்ன அணியை எழுதியவர் தோற்ற கணக்கு என்பது எங்கள் விதி. தொண்ணூறு நிமிடம், கோலே இல்லை. அப்பாடா என்று ஃபோனைக் கீழே வைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் முருகேசன் அண்ணன் கூப்பிட்டார். "தாயி... கொரியாக்காரன் கடைசியில ரெண்டு போட்டுட்டான்! ஒனக்கு எம்புட்டு ராசி!"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மா அதைச் சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் லேபில் ஜெசிந்தாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன்.

"நீ எழுதும்போதே தெரிஞ்சிட்டு. தோக்கணும்னுதான் எழுதுதன்னு."

"அப்பவே சொல்லியிருக்கலாம்லா?"

"சொன்னா என்ன செய்வ? டியூட்டி இந்த வாரத்துக்குத்தான். அடுத்த ஞாயிறும் வந்தா யாரு மேல கெட்டுவ, பிரேசில் மேலயா? வாயத் தொறந்து சொல்லிரு."

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். காபித் தட்டை வைத்துவிட்டு, மாப்பிள்ளையின் அம்மாவிடம், "நான் வேலையை விட மாட்டேன்" என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன். ஆனால் கேட்டுவிட்டது. பாதிக் காபியோடு எழுந்து போனார்கள்.

அப்பா இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் மில் கேட்டில் சைக்கிளோடு நின்றார். "ஷிப்ட் முடிஞ்சிட்டா? வா, சேந்து போவோம்."

அப்புறம் வேறு வரன், வேறு வீடு... ஸ்ரீவில்லிபுத்தூருக்கே வாழ்க்கைப்பட்டேன். பாப்பா பிறக்கும்வரை அதே லேபில்தான் இருந்தேன்.

இப்போது ஃபுட்பால் என்று தேடினாலே கணிப்புகள் வந்து கொட்டுகின்றன. இந்த அணிக்கு இத்தனை சதவீதம், உறுதி, உடனே கட்டுங்கள் என்று. எவ்வளவு கட்டுகிறாய் என்று கேட்கிறார்கள். ஏன் கட்டுகிறாய் என்று கேட்க ஆளில்லை. காசு கட்ட மாட்டேன், ஆனாலும் படிக்கிறேன். பாப்பாவுக்கு லேசாகச் சளி, நெற்றியைத் தொட்டுப் பார்த்தபடியே படிக்கிறேன். உறுதி என்று யார் எதைச் சொன்னாலும் எதை வைத்து என்று இப்போதெல்லாம் நின்று கேட்கத் தோன்றுகிறது.

போன வாரம் மில்லிலிருந்து திரும்ப வேலைக்குக் கூப்பிட்டார்கள். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

ஜெசிந்தா இப்போது திருப்பூரில் ஒரு மில்லில் குவாலிட்டி இன்சார்ஜ். இன்று அவளுக்கு ஒரு மெசேஜ் போட்டேன். "அடுத்த மேட்ச் யாருட்டி ஜெயிப்பா?"

உடனே பதில் வந்தது. "பேப்பர் படிச்சே நாளாச்சு. நீ மேட்ச்சத்தான் கேக்கியா, இல்ல வீட்ல ஏதும் சொல்லணுமா?"

பதிலை டைப் பண்ணுவதும் அழிப்பதுமாக இருக்கிறேன்.