அணிவகுப்பு நாளில் நான் செய்தது

நானும் செல்வியும் கோவில்பட்டியிலிருந்து ஒன்றாகப் போலீஸ் வேலைக்குச் சேர்ந்தவர்கள். சென்னையில் சுதந்திர தின அணிவகுப்புக்கு என்னைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார்கள். எனக்கு முழங்கால் வலி என்று இன்ஸ்பெக்டரிடம் பொய் சொல்லி, அந்த இடத்தைச் செல்வி பிடித்துக்கொண்டாள். அது தெரிந்தும் தெரியாதவளைப் போல அவளோடு சிரித்துப் பேசிக்கொண்டே பழிவாங்கக் காத்திருந்தேன்.

அணிவகுப்பு அன்று காலையில், அவள் குளிக்கப் போயிருந்தபோது, அவளுடைய பூட்ஸின் அடித்தையலை பிளேடால் அறுத்துவைத்தேன்.

அவள் மேடையை நெருங்கும்போது அடித்தோல் பிய்ந்து தொங்கியது. கூட்டத்தில் நின்றிருந்த நான், ஊரே பார்க்க அவள் விழ வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். அவள் ஒரு அடிகூடப் பிசகவில்லை.

திரும்பி வந்தவளின் பாதத்தில் பூட்ஸ் ஆணி கிழித்து ரத்தம் வழிந்தது. நான்தான் கட்டுப் போட்டேன்.

“ஏட்டி, உனக்கு முட்டி வலின்னு நான்தான் பொய் சொன்னேன். அதான் சாமி தண்டிச்சிட்டாரு” என்று அழுதாள்.

“விடுட்டி” என்றேன், மன்னிப்பவளைப் போல. நான் செய்தது இன்றும் எனக்குள்ளேயே இருக்கிறது.