ஆலாத்தித் தட்டில் எரிந்த மயில்

இரண்டு கிழமைக்கு முன் ஒரு சாமத்திய வீட்டில் மயில் ஒன்று தீப்பிடித்தது.

பயப்படாதீர்கள்... டீவி பெட்டிக்குள் வருகிற வெள்ளை ரெஜிபோமில் வெட்டிய மயில்தான். வெட்டியது நான்.

இந்தப் பத்தியை விடாமல் வாசிப்பவர்களுக்கு என் கதை கொஞ்சம் தெரியும். நான் வேலை பார்த்த கப்பல் ஏஜென்சி, திருகோணமலைக் கிளையை மூடிவிட்டது. கப்பல்கள் இன்னும் துறைமுகத்துக்கு வந்துகொண்டுதான் இருக்கின்றன. அவற்றின் கடிதங்களை எழுத நான் தேவைப்படவில்லை, அவ்வளவுதான். பத்தி எழுதி வருகிற காசு மீன் வாங்கக் காணும். அதுவும் சின்ன மீன்.

அதன் பிறகு துறைமுகப் பக்கம் இன்னொரு கம்பெனிக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனேன். எதிரே இருந்த மனேஜருக்கு என் மகளை விட நாலைந்து வயது கூட இருக்கலாம். மரியாதையான பிள்ளை. இன்னும் ஐந்து வருடத்தில் நான் எங்கே இருப்பேன் என்று கேட்டார். ஐம்பதைத் தாண்டியவனிடம் கேட்கிற கேள்வியா இது? விடியக்காலையில் கோணேசர் கோயிலுக்கு நடந்து போய் வந்துகொண்டிருப்பேன் என்று உண்மையைச் சொன்னேன். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். நேர்முகத் தேர்வில் சிரிக்க வைக்கிறவனுக்கு வேலை கிடைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

கொஞ்ச நாளில் ஈமெயில் வந்தது. என்னைத் தெரிவு செய்ய முடியாமைக்கு மிகவும் வருந்துகிறார்களாம். நானும் வருந்தினேன். எல்லோருமே வருந்துகிறோம் என்றால், இந்த முடிவை எடுத்தது யார்?

வேலை இல்லாததை விடக் கஷ்டம், ரோட்டில் இறங்குவது. சந்தையில், சலூனில், மரண வீட்டில்... காண்கிறவர் எல்லோருக்கும் ஒரே கேள்வி: 'இப்ப எங்க வேலை?' எனக்குத் தேவைப்பட்டது சம்பளம் மட்டும் இல்லை. அந்தக் கேள்விக்கு, கூசாமல் சொல்லக்கூடிய ஒரு பதில்.

கையில் ஒரு வித்தை இருந்தது. மகள் பள்ளிக்கூடம் போன காலத்தில் கண்காட்சி வந்தால் எரிமலை, வெளிச்சவீடு, மனித இதயம் எல்லாவற்றையும் ரெஜிபோமில் வெட்டி ஒட்டியது நான்தான். பரிசு வாங்கியது அவள். இந்த நாட்டில் பிள்ளை வளர்த்த எவருக்கும் இது விளங்கும்.

என் மனைவி கலா ஆசிரியை. அவளோடு படிப்பிக்கிற வசந்தி, பெரியபிள்ளையான தன் மகளின் சாமத்திய வீட்டுக்கு ஆலாத்தித் தட்டு சோடிக்க ஆள் தேடிக்கொண்டிருந்தார். வெறும் பித்தளைத் தட்டு இப்போது போட்டோவுக்கு எடுபடாதாம். நான் செய்து தருகிறேன் என்றேன். நன்றாக வந்தால் இதையே தொழிலாகத் தொடங்குவது, வராவிட்டால் திரும்பவும் விண்ணப்பம் எழுதுவது என்று மனதுக்குள் முடிவு.

டவுனிலேயே சாமான் வாங்கியிருக்கலாம். பாலம் தாண்டிக் கிண்ணியாவுக்குப் போனேன். ஏன்? அங்கே என்னைத் தெரிந்தவர்கள் குறைவு! ரிபனும் முத்து மணியும் எடுத்து மேசையில் வைத்தபோது, மகளின் பள்ளிக்கூட வேலைக்கா என்று கடைக்கார முஸ்லிம் நானா கேட்டார். ஓம் என்றேன். எத்தனையாம் வகுப்பு என்றார். எட்டு என்றேன்.

மகள் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள்.

தட்டின் அடியில் வட்டக் கண்ணாடி. நடுவில் தோகை விரித்த மயில். ஒவ்வொரு இறகுக்கும் கத்தரிப்பூ நிற ரிபன். விளிம்பு முழுக்க முத்து மணி. வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் நல்ல வடிவு என்றார்கள். கலாவும் வடிவு என்றாள். அந்தக் கிழமை நான் நன்றாகச் சாப்பிட்டேன், நன்றாக நித்திரை கொண்டேன்.

எங்கள் பக்கம் ஆலாத்தியை இரண்டு பெண்கள் சேர்ந்து எடுப்பார்கள். தட்டில் மூன்று வாழைப்பழத் துண்டு. ஒவ்வொன்றிலும் குத்திய எண்ணெய்த் திரி. அதைக் கொளுத்தி, ஆளுக்கொரு பக்கம் தட்டைப் பிடித்து, மூன்று முறை சுற்ற வேண்டும். இது எனக்குத் தெரியாதா? தெரியும். என் கல்யாணத்தில் எனக்கே எடுத்தார்கள்.

மண்டபத்தில் வசந்தியின் மச்சாள்மார் இரண்டு பேர் பிள்ளை நின்ற மேடைக்கு வந்தார்கள். ஒருவர் கையில் திரி குத்திய பழத்துண்டுகள். தட்டைப் பார்த்தார். ஒரு பக்கமாகத் திருப்பிப் பார்த்தார். தட்டு முழுக்க மயில்.

"இதை எங்க வைக்கிறது?"

மெதுவாகத்தான் கேட்டார். முன்வரிசையில் இருந்த எனக்குக் கேட்டது. கதிரையோடு பூமிக்குள் போய்விட்டால் நல்லது என்று இருந்தது.

சுபநேரம் முடியப் போகிறது என்று பின்னால் அவசரப்படுத்தினார்கள். வேறு வழியில்லாமல் துண்டுகளைத் தோகையின் மேலேயே வைத்துக் கொளுத்தினார்கள். முதல் சுற்று ஒழுங்காகத்தான் போனது. இரண்டாவதில் தோகை சுருங்கத் தொடங்கியது. பிறகு கறுப்புப் புகை... பிளாஸ்டிக் மணம்... ஆலாத்தித் திரியை வாயால் ஊதி அணைக்கக் கூடாது. மூன்று சுற்று முடியாமல் தட்டைக் கீழே வைக்கவும் கூடாது. விளிம்பில் முத்து மணி ஒட்டியிருந்ததால் விரல் பிடிக்க இடமில்லை. அந்த இரண்டு பேரும் வழுக்குகிற தட்டில் எரிகிற மயிலை வைத்துக்கொண்டு மூன்றாவது சுற்றையும் சுற்றி முடித்தார்கள். அதற்குள் மயில் கழுத்து வளைந்து, பிள்ளையைக் கும்பிடுகிற நிலைக்கு வந்திருந்தது.

"அக்கா, இன்னொருக்காச் சுத்துங்கோ... புகையில முகம் விளங்கேல்ல," என்றார் வீடியோக்காரர்.

மச்சாள் அவரைப் பார்த்த பார்வையில் அவர் கமராவை இறக்கிவிட்டார்.

ஒருவரும் என்னை ஏசவில்லை. வெளிக்கிடும்போது வசந்தி பலகாரப் பார்சல் ஒன்றுக்கு இரண்டாகத் தந்தார். நம்மவர்கள் பரிதாபத்தைப் பலகாரத்தில்தான் அளப்பார்கள்.

வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் கலாவிடம் கேட்டேன்.

"நீர் எத்தினை வீட்டில ஆலாத்தி எடுத்த ஆள். திரி வைக்க இடமில்லை எண்டு உமக்குத் தெரியேல்லையோ?"

"முதல் நாளே தெரியும்."

"பிறகேன் சொல்லேல்ல?"

அவள் சேலை மடிப்பதை நிறுத்தவில்லை. "அந்த ஈமெயில் வந்த பிறகு நீங்கள் முகம் தெளிஞ்சு இருந்ததே அந்த மயிலை ஒட்டேக்கதான். அதையும் பிழை எண்டு நான் என்னெண்டு சொல்லுறது?"

ஈமெயில் என்னை இவ்வளவு சுடவில்லை. இது சுட்டது. வெட்கம் ஒரு பக்கம், அழுகை ஒரு பக்கம். பார்சலைப் பிரித்துப் பயத்தம் பணியாரம் ஒன்றைச் சாப்பிட்டுச் சமாளித்தேன்.

வேலை கிடைக்காதவனுக்கு ஊர் செய்கிற பெரிய கெடுதல் எது தெரியுமா? இரக்கம். அவன் எதைச் செய்தாலும் வடிவு என்றுவிடுவார்கள். என்னை வேண்டாம் என்ற அந்த மனேஜரும், ஏன் வேண்டாம் என்று கடைசிவரை சொல்லவில்லை. ஒருவரும் பிழை பிடிக்காத இடத்தில் ஒரு தொழிலை எப்படிப் பழகுவது?

என் பிழையும் அதில் விளங்கியது. என்னைப் போன்ற ஆண்கள் ஆலாத்தியை முன்னால் நின்று வாங்கியவர்கள். அங்கே நின்று பார்த்தால் சுடரும், பட்டுச் சேலையும், சிரித்த முகமும் தெரியும். தட்டின் பாரமும் சூடும் பிடித்திருப்பவருக்குத்தானே தெரியும்? நான் கண்ணுக்குத் தெரிகிறதை மட்டும் செய்திருந்தேன்.

அடுத்த நாளே, குடாவுக்கு அக்கரையில் இருக்கிற கட்டைபறிச்சானிலிருந்து ஒரு போன். வசந்தி, தட்டு எரிய முதல் எடுத்த போட்டோவை வட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டிருக்கிறார். அதைப் பார்த்த ஒரு பெண், தங்கையின் கல்யாணத்துக்கு இதே மாதிரித் தட்டு வேண்டும் என்றார். எரிந்த கதை கொட்டியாரக் குடாவைத் தாண்டவில்லை போலிருக்கிறது. ஒரு கிழமை தவணை கேட்டேன். அதே கிழமை பேப்பரில் ஒரு களஞ்சியப் பொறுப்பாளர் வேலையும் வந்திருந்தது. வெட்டி எடுத்து மேசையில் வைத்தேன்.

பிறகு புதிதாக ஒரு தட்டைச் செய்தேன். மயில் சின்னதாகி ஓரத்துக்குப் போனது. நடுவில் திரிக்கு ஒரு பித்தளைக் கிண்ணம். முடித்ததும் கலாவைக் குசினிக்குக் கூப்பிட்டேன். ஒரு பக்கம் அவள் பிடிக்க வேண்டும், மறுபக்கம் நான் பிடிப்பேன், உண்மையாகவே கொளுத்திச் சுற்றிப் பார்க்கப் போகிறோம், இரக்கம் பார்த்தால் இந்த வேலையை இன்றோடு விட்டுவிடுவேன் என்றேன்.

யாருக்கு எடுப்பது? வீட்டில் வேறு ஆள் இல்லை. பிரிட்ஜ் இருந்தது. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நானும் கலாவும் சேர்ந்து செய்த முதல் மங்கல காரியம், எங்கள் பிரிட்ஜுக்கு ஆலாத்தி எடுத்ததுதான்.

இரண்டாவது சுற்றிலேயே என் மணிக்கட்டு வலித்தது. கலா மூன்றையும் முடித்துத் தட்டை மேசையில் வைத்தாள். என்னைப் பார்த்தாள். சொல்லலாமா என்று யோசிக்கிற பார்வை. நான் பார்வையை எடுக்கவில்லை.

"பாரம் கூட," என்றாள். "கண்ணாடியைக் கழட்டுங்கோ. கிண்ணம் ஆடுது. கை பிடிக்கிற இடத்தில மணி ஒண்டும் வேண்டாம்." மூச்சு விட்டாள். நிறுத்துவாள் என்று நினைத்தேன். "அந்த நிறமும் எனக்கு முதல் நாளில இருந்து பிடிக்கேல்ல. செத்த வீட்டு ரிபன் மாதிரி."

அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. வேலை போன பிறகு முதல் தடவையாக ஒருவர் என்னைப் பரிதாபப்படாமல் பார்த்தார்.

களஞ்சிய வேலைக்கு விண்ணப்பம் போடவில்லை. கட்டைபறிச்சானுக்குப் போன் எடுத்தேன். மயில் எரிந்த கதையை முதலில் சொல்லிவிட்டு, ஓம், செய்து தருகிறேன் என்றேன். அந்தப் பிள்ளை நன்றாகச் சிரித்துவிட்டு, கல்யாணத் திகதியைச் சொன்னார்.

கண்ணாடியைக் கழற்றிவிட்டேன். கிண்ணத்தை இறுக்கிவிட்டேன். மணிகளையும் பிடுங்கிவிட்டேன்.

நிறத்தை மட்டும் மாற்றவில்லை — அதில் பிழை கலாவுடையது.