பின்னால் பாய்ந்த கார்

காதுக்காரர் என்றால் எங்கள் தெருவில் ஒருவர்தான். மின்விசிறித் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருஷம், மோட்டார் ஓடும் சத்தத்தைக் கேட்டே அதன் குறையைச் சொன்னவர். மூன்றாம் மாடியில் எறும்பு இருமினால் முதல் மாடியில் இவர் திரும்பிப் பார்ப்பார். நம்பாதவர்கள் எறும்பைக் கேட்டுக்கொள்ளலாம். பிறகு சத்தம் கேட்கத் தொழிற்சாலைக்கு ஒரு கருவி வந்தது. இவர் வீட்டுக்கு வந்தார்.

சும்மா கிடந்த மனுஷர் கையில் மச்சினன் தன் ரிமோட் ரேஸ் காரைக் கொடுத்தான். பேட்டரியிலிருந்து மோட்டாருக்கு எவ்வளவு மின்சாரம் போகலாம் என்று தீர்மானிக்கும் தீப்பெட்டியளவு பெட்டி ஒன்று அதில் உண்டு. ஸ்பீடு கன்ட்ரோலர் என்பார்கள். அதை லேப்டாப்பில் சொருகி, வேகமெடுப்பது, பிரேக் பிடிப்பது எல்லாவற்றையும் சாஃப்ட்வேரில் மாற்றலாம். மற்றவர்கள் திரையைப் பார்த்து மாற்றுவார்கள். இவர் காரை ஒரு டப்பாமேல் ஏற்றி, சக்கரங்களை அந்தரத்தில் சுழலவிட்டு, கண்ணை இறுக மூடிக் கேட்பார். அப்போது யாரும் மூச்சுவிடக் கூடாது. குக்கர்கூட அனுமதி கேட்டுத்தான் விசிலடிக்கும்.

ஞாயிற்றுக்கிழமை ரிமோட் கார் பந்தயத்துக்கு, அந்தக் கார்களைச் செய்யும் கம்பெனியின் மேனேஜர் வருவதாக இருந்தது. முதல் மூன்றில் வந்தால், சோதனை அறையில் இவருக்கு வேலை.

"மாமா, இதையும் விட்டா வேற யாரு கூப்பிடப்போறா?" என்றான் மச்சினன்.

சனிக்கிழமை காலை, சாஃப்ட்வேரின் புதிய பதிப்பு வந்திருப்பதாக லேப்டாப் சொன்னது. சரி என்று அழுத்தினார். பெட்டியிலிருந்த பழைய அமைப்பெல்லாம் துடைத்துவிட்டாற்போல் போயிற்று. அசரவில்லை, வேகத்தையும் பிரேக்கையும் காதாலேயே மறுபடி பிடித்தார். ஆனால் அந்தக் காரில் மோட்டாரைத் திருப்பி மாட்டியிருந்தார்கள். அதனால் சுழலும் திசையையும் சாஃப்ட்வேரில் மாற்ற வேண்டும். அதை ஆரம்பத்தில் மச்சினன் மாற்றியிருந்தான். இவருக்கு அது தெரியவே தெரியாது. முன்னால் சுற்றினாலும் பின்னால் சுற்றினாலும் மோட்டாருக்குச் சத்தம் ஒன்றுதான்.

வாசலில் நின்ற மனைவி, "ஏங்க, அந்தச் சக்கரம்..." என்றாள்.

"ஷ்ஷ்!"

"ஒரு தடவை தரையில ஓட்டிப் பாக்கலாமா மாமா?"

"புது டயர் தேயும்டா. என் காது சொல்லிருச்சு."

மறுநாள் விசில் அடித்ததும் ஒன்பது கார்கள் முன்னால் பறந்தன. ஒன்று மட்டும் பின்னால் பாய்ந்து, மேனேஜரின் பளபளக்கும் ஷூவில் ஏறி இறங்கி, அவருடைய டீயையும் கவிழ்த்தது. மேனேஜர் கோபப்படவில்லை, சிரித்தார். கோபப்பட்டிருந்தால் இவர் பேராவது அவருக்கு ஞாபகம் இருந்திருக்கும்.

"நேத்தே பார்த்தேன், சக்கரம் திரும்பிச் சுத்துச்சு," என்றாள் மனைவி, வீட்டுக்கு வந்ததும்.

"சொல்லித் தொலைச்சிருக்கலாமில்ல?"

"வாயைத் திறந்தேன். நீங்கதான் ஷ்ஷ்னீங்க."

கம்பெனியிலிருந்து யாரும் கூப்பிடவில்லை. கார் இன்னும் டப்பாமேல்தான் இருக்கிறது. இப்போது கண்ணைத் திறந்துகொண்டுதான் ஓட்டுகிறார். சக்கரம் சரியாகவே சுற்றுகிறது. சத்தம்தான் ஒன்றும் பிடிபடவில்லையாம். அடுப்படியில் குக்கர் தன்னிஷ்டத்துக்கு விசிலடிக்கிறது. அவர் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.