ஊசிக் காதுப் பரீட்சை

ஐம்பத்தெட்டாவது வயதில் நூல்கடை அக்காவின் கண்ணுக்கு இளமை திரும்பியது.

தினமும் கடை திறந்த கையோடு அவள் தனக்குத்தானே ஒரு பரீட்சை வைத்துக்கொள்வாள். டப்பாவிலேயே பொடி ஊசியை எடுத்து, ஒரே மூச்சில் நூல் கோக்க வேண்டும். கோத்துவிட்டால் கண் பாஸ். கண் டாக்டரைப் பார்த்துப் பத்து வருடமாகிறது. தினமும் பாஸாகிறவளுக்கு டாக்டர் எதற்கு? ஒரு நாள், வழக்கமாகப் போட்டுக்கொள்ளும் மூக்குக்கண்ணாடியை வீட்டில் மறந்து வைத்துவிட்டாள். அப்படியும் நூல் சர்ரென்று உள்ளே போய்விட்டது. நம்ப முடியாமல் உருவி மறுபடி கோத்தாள். ஏழு முறை கோத்தாள்!

தலைகால் புரியவில்லை அவளுக்கு. மறுநாள் அந்தக் கண்ணாடியைக் கொண்டுபோய் எதிர்க்கடையில் தையல் மெஷின் போட்டிருக்கும் நாத்தனாரிடம் நீட்டினாள்.

"இந்தா, நீயே வச்சுக்க. எனக்கு இனிமே தேவையில்ல."

"எப்படி அண்ணி, இந்த வயசுல?"

"யாரைப் பார்த்தும் வயிறெரியக் கூடாது. நேரத்துக்குத் தூங்கணும். கண்ணு தானா நல்லாயிடும்."

தெரு முழுக்க இதே உபதேசம்தான். தூரத்தில் வரும் பஸ்ஸின் போர்டு மட்டும் கொஞ்ச நாளாகச் சரியாகத் தெரியவில்லை. எழுத்தைச் சின்னதாகப் போட்டுவிட்டார்கள் என்று பஸ்காரர்களைத் திட்டித் தீர்த்தாள்.

அவள் கடையில் ஐந்நூறு நிறத்தில் நூல்கண்டு உண்டு. துணியை நீட்டினால் போதும், நிற எண் போட்ட சீட்டைக்கூடப் பார்க்காமல் பொருத்தமான கண்டை எடுத்துப் போடுவாள். இருபத்தாறு வருடத்தில் நிறம் சரியில்லை என்று ஒரு கண்டும் திரும்பி வந்ததில்லை. அந்தப் பெருமைதான் அவளுக்குச் சோறு தண்ணி எல்லாம்.

இரண்டு வாரம் கழித்து, மூலையிலுள்ள கண் ஆஸ்பத்திரி டாக்டரம்மா விறுவிறுவென்று கடைக்குள் வந்தார். பின்னாலேயே நாத்தனார், கையைப் பிசைந்துகொண்டு. டாக்டரம்மா போட்டிருந்த வெள்ளைக் கோட்டில் காலர், பை, கை விளிம்பு என்று எல்லாத் தையலும் வாழைப்பழ மஞ்சள். ஆஸ்பத்திரிக்காக நாத்தனார் தைத்த பன்னிரண்டு கோட்டும் அதே அழகுதானாம்.

"நூல் அண்ணி கொடுத்தது," என்று நாத்தனார் முந்திக்கொண்டாள்.

"வெள்ளைத் துணிக்கு வெள்ளை நூல்தானே கொடுத்தேன்!" என்று எகிறினாள் அக்கா.

டாக்டரம்மா கோபிக்கவில்லை. வெள்ளை ஒன்றும் மஞ்சள் ஒன்றுமாக இரண்டு கண்டுகளை எடுத்துக்கொண்டு அவளை வெயிலுக்கு அழைத்துப் போனார். "இதுல எதும்மா வெள்ளை?"

"ரெண்டும்தான்."

கடைக்குள்ளேயே நின்றிருந்த நாத்தனார் களுக்கென்று சிரித்தாள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. "கடைசியா எப்ப கண்ணைப் பரிசோதிச்சீங்க?"

"இன்னைக்குக் காலையிலதான்! கண்ணாடி போடாமலே பொடி ஊசியில நூல் கோத்தேன்."

"அதுதாம்மா எனக்குக் கவலையா இருக்கு. சிலருக்குக் கண்புரை வளரும்போது கிட்ட இருக்கிறது கொஞ்ச நாள் தெளிவாத் தெரியும். நல்லாயிட்டோம்னு நினைச்சுப்பாங்க. தூரமும் நிறமும் நழுவிட்டுப் போறது தெரியாது. வருஷம் ஒரு தடவை வந்திருந்தா அப்பவே சொல்லியிருப்போம்."

நிறம் தெரியாவிட்டால் அவள் எந்தக் கடைக்கு அக்கா? அன்று பகல் முழுக்க அலமாரி முன்னால் நின்று ஒவ்வொரு கண்டையும் சந்தேகத்தோடு பார்த்தாள். பயந்துவிட்டாள், நிஜமாகவே பயந்துவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் கண்ணுக்குச் சொட்டுமருந்து விட்டார்கள், அழுத்தம் பார்த்தார்கள், விழியின் பின்பக்கம் வரை வெளிச்சம் அடித்துப் பார்த்தார்கள். மற்றதெல்லாம் நன்றாக இருந்தது. புரையை மட்டும் எடுத்தால் போதும் என்றார்கள். ஒரு மாத இடைவெளியில் இரண்டு கண்ணுக்கும் ஆபரேஷன் முடிந்தது.

அதற்குப் பிறகு கடை திறந்த காலையைத்தான் பார்த்திருக்க வேண்டும்! நீல நூல்களைக் கண்டதும் "அடேயப்பா!" என்று கத்தினாள். சந்தன நிறம் என்று நினைத்திருந்த சுவர் பளீர் வெள்ளையாக நின்றது. கறுப்பு நூல் டப்பாவுக்குள் பதினேழு கருநீலக் கண்டுகள் பதுங்கியிருந்தன. ஒவ்வொன்றாகப் பிடித்து வெளியே போட்டு, வயிறு வலிக்கச் சிரித்தாள். நடுவில் கொஞ்சம் அழுதாள். தெருமுனையில் திரும்பிய பஸ்ஸின் போர்டை எழுத்து எழுத்தாக உரக்கப் படித்தாள். போகிற வருகிறவர்கள் ஒரு மாதிரி பார்த்தார்கள்.

அப்புறம் பழக்கதோஷத்தில் பொடி ஊசியை எடுத்தாள். காது எங்கே? ஊசியே பாதிதான் தெரிந்தது. இனிமேல் கிட்டப் பார்க்கக் கண்ணாடி வேண்டியிருக்கும் என்று டாக்டரம்மா சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

அசடு வழிய எதிர்க்கடைக்குப் போனாள். "புதுசு வர்ற வரைக்கும் அந்தப் பழைய கண்ணாடியைக் கொஞ்சம் கொடேன்."

"யாரைப் பார்த்து வயிறெரிஞ்சீங்க அண்ணி?" நாத்தனார் மெஷின்மேல் சாய்ந்து விழுந்து விழுந்து சிரித்தாள். "பாவம், மஞ்சளை வெள்ளைன்னு சாதிச்சீங்களே!"

அக்காவும் கூடச் சேர்ந்து சிரித்தாள். பாதியில் சட்டென்று நிறுத்தினாள்.

"ஆமா, மஞ்சள் நூல் கொடுத்தது நான். அதை வச்சுப் பன்னிரண்டு கோட்டையும் தைச்சது யாரு?"

நாத்தனாரின் சிரிப்பு நின்றது. மெஷினில் இருந்த துணியைப் பார்த்தாள், நூலைப் பார்த்தாள்.

"எனக்கென்ன அண்ணி... எல்லாம் நல்லாத்தான் தெரியுது."

"நானும் அதைத்தான் சொன்னேன். எழுந்திரு, ஆஸ்பத்திரி திறந்துதான் இருக்கு," என்று அக்கா மெஷினின் சுவிட்சை அணைத்தாள்.